கோமதிநாயகத்தின் இடது கை

பாளையங்கோட்டையில் பிலோமி டீச்சரிடம் அக்கார்டியன் படிக்கப் போகிறவர்கள் முதல் இரண்டு மாதம் வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். இடது கை மட்டும்தான் வாசிக்கும். ஆசை ஆசையாகப் பாட்டு வாசிக்க வந்தவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். டீச்சர் ஒருவரையும் கூப்பிட்டு நிறுத்தியதில்லை. அந்தத் தைரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

டீச்சருக்கு முப்பத்தாறு வயது. என்னோடு படித்த கோமதிநாயகத்துக்கு ஐம்பத்து நான்கு. முப்பது வருஷம் நாடக மேடைகளில் ஹார்மோனியம் வாசித்தவர். இனி விடிய விடிய உட்காரக் கூடாது என்று மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். வாசிக்காமலும் அவரால் இருக்க முடியாது. அவர் சேர்ந்த மூன்றாம் மாதம், உள்ளூர் இசைக்குழு ஒன்றில் அக்கார்டியன் வாசித்தவர் துபாய்க்குக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை வந்து வாசித்துக் காட்டும்படி கோமதிநாயகத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதை விட்டால் அவருக்கு வேறு மேடை இல்லை.

அவருடைய வலது கை பிரமாதம். கட்டைகளின் மேல் அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வம்பெல்லாம் இடது கையில். ஹார்மோனியத்தில் அந்தக் கைக்குக் காற்றுப் போடுவது ஒன்றே வேலை. அக்கார்டியனில் காற்றும் போட வேண்டும், கண்ணுக்குத் தெரியாத நூற்றிருபது பட்டன்களில் பாட்டுக்குத் துணையாக எது வேண்டுமோ அதையும் தேடி அழுத்த வேண்டும். கோமதிநாயகம் பழைய வழக்கத்தில் துருத்தியைச் சின்னச் சின்னதாக ஆட்டினார். பெட்டிக்கு விக்கல் எடுத்தது.

வெள்ளிக்கிழமை நான் என் முறைக்காக வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கோமதிநாயகம் வீட்டிலிருந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து, இடது கைப் பட்டன்கள் தெரிகிற மாதிரி எதிரே சாய்த்து வைத்திருந்தார். டீச்சர் வந்து அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

"என்ன டீச்சர்? பட்டன் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான விரலுக்குத் தெரியும்?"

"மூக்கைச் சொறியக் கண்ணாடி பாப்பீயளா, அண்ணாச்சி?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கப்படாது. சனம் பூரா வலது கையைத்தான் கேக்கு. இந்தப் பீச்சாங்கை இல்லாமலே ஒப்பேத்திரலாமா?"

டீச்சர் அவருடைய வலப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் மாட்டியிருந்த பெட்டியின் கட்டைகளில் தன் விரல்களை வைத்தார்.

"உங்க வலது கை பைக்குள்ள போகட்டும். நான் வாசிக்கேன். நீங்க கூட வாங்க."

ஒரே பெட்டியை இரண்டு பேர் வாசித்தார்கள். இரண்டாவது வரியில் டீச்சர் சட்டென்று நின்றார். கோமதிநாயகமும் நின்றார்.

"ஏன் நிறுத்துனீய?"

"நீங்க நிறுத்திட்டீயளே."

"மேடையில ராஜபார்ட் பாடும்போது ஒரு அடியை மறந்து முழிச்சா என்ன செய்வீய?"

கோமதிநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிறுத்தவே மாட்டேன் டீச்சர். விட்ட இடத்தையே சுத்திச் சுத்தி வருவேன். அவன் மூச்சு வாங்கி வந்து சேருத வரைக்கும் பிடிச்சுக்கிட்டே நிப்பேன். முன்வரிசையில இருக்கவனுக்குக்கூடத் தெரியாது."

"அப்போ எந்தக் கட்டைன்னு குனிஞ்சு பாப்பீயளோ?"

"எங்க பாக்க? அவன் வாயைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன்."

டீச்சர் மறுபடி வாசித்தார். இந்தத் தடவை அவர் நின்றபோது இடது கை நிற்கவில்லை. அவர் இழுத்தார், அது பொறுத்திருந்தது. அவர் ஓடினார், அதுவும் ஓடியது. கோமதிநாயகத்தின் கண் முழுக்க டீச்சரின் விரல்கள் மேல்தான் இருந்தது. துருத்தி நீளமாக விரிந்து நிதானமாக மூடியது. விக்கல் எப்போது நின்றதென்று அவருக்கே தெரியாது. எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது, அடக்கிக்கொண்டேன். இப்படியே ஒரு மணி நேரம் ஓடி, என் முறை போய்விட்டது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

திங்கட்கிழமை கோமதிநாயகம் லாலா கடை அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். முகம் மட்டும் உம்மென்று இருந்தது.

"குழுவுல இடம்?" என்றார் டீச்சர்.

"கிடைச்சிட்டு."

"பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"சரணத்துல வலது கை ஒரு இடத்தை மறந்து அப்படியே நின்னுட்டு, டீச்சர். எனக்கு உசுரே இல்ல. இடதுதான் விடாமப் போட்டுக்கிட்டே இருந்து, அதைக் கூட்டியாந்து சேத்துது. இல்லேன்னா நேத்தே வீட்டுக்குப் போகச் சொல்லியிருப்பாங்க."

"சரி."

"முடிஞ்சதும் எல்லாரும் வந்து வலது கையைப் பிடிச்சுக் குலுக்குதாங்க. 'அந்த இடத்துல ஒரு நிறுத்து நிறுத்துனீயளே, அதுதான் அண்ணாச்சி சங்கதி'ன்னு குழுத் தலைவரே சொல்லுதாரு. மறந்து முழிச்சது சங்கதியாம்!"

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். கோமதிநாயகம் சிரிக்கவில்லை. இடது கையைத் தூக்கி அவர் முன்னால் நீட்டினார்.

"இதைப் பத்தி ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லலையே, டீச்சர்."

"அப்படின்னா அது சரியா வாசிச்சிருக்கு, அண்ணாச்சி."