கடைசி வண்டியிலிருந்து வந்த ‘சரி’

அன்று ஆற்றங்கரையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். உப்பு வணிகர் பெருந்தேவன் ஒருவர். அவருடைய வண்டிகளுக்கு முன்னே நடந்து வழிகாட்டும் இளநாகன் ஒருவன். ஏழு வண்டிகளுக்கு ஏழு வண்டிக்காரர்கள். எல்லோருக்கும் கூழ் காய்ச்சும் கொற்றி ஒருத்தி. ஈட்டி பிடித்த காவல்காரர் இருவர். ஆக மொத்தம் பன்னிரண்டு பேர். காளைகள் பதினான்கு.

இது மலைநாட்டுக்கு உப்பு மாட்டுவண்டியில் போன காலத்தில் நடந்தது. கேளுங்கள்.

பெருந்தேவனுக்குப் பிள்ளை இல்லை, வயதும் ஆகிவிட்டது. ‘மலையூர் போய்ச் சேர்ந்ததும் என் கோலை இளநாகனிடம் கொடுப்பேன்’ என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தார். கோல் யார் கையிலோ, வண்டிகள் அவன் பொறுப்பு. இளநாகனும் பத்து வருடமாக அதற்காகத்தான் உழைத்தான். இருட்டிலும் வழி தப்பாதவன். மண்ணை மோந்து பார்த்தே மழையைச் சொல்பவன். கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புறப்படுமுன் முன்னே நிற்பவன், “போகலாமா?” என்று குரல் கொடுப்பான். கடைசி வண்டிக்காரன் முதலில் பதில் சொல்ல வேண்டும். குறை இருந்தால் குறையைச் சொல்வான். இல்லையென்றால் ‘சரி’ என்பான். அந்தச் சொல்லை ஒவ்வொரு வண்டியாக வாங்கி முன்னே அனுப்புவார்கள். அது வந்து சேராமல் ஒரு சக்கரமும் உருளாது.

முதல் நாள் காலை, நாலாவது வண்டிக்காரர் பூதன், “அச்சு முனகுது தம்பி, கொஞ்சம் பாரு” என்றார்.

“முனகுறது அச்சா, உங்க முழங்காலா பூதண்ணே? எதுக்கு எண்ணெய் போடணும்னு தெளிவாச் சொல்லுங்க” என்றான் இளநாகன்.

எல்லோரும் சிரித்தார்கள். பெருந்தேவனும் சிரித்தார். அச்சைக் கழற்றிப் பார்த்தால் அதில் ஒரு கோளாறும் இல்லை.

அடுத்த நாள் ஒரு குட்டைக்கரையில் கொற்றி, “இந்தத் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது நாகா” என்றாள்.

“அது நேத்து நீ காய்ச்சின கூழு அக்கா. இன்னும் நம்ம மூக்கை விட்டுப் போகலை.”

சொல்லிவிட்டு இரண்டு கை அள்ளிக் குடித்தும் காட்டினான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றும் சிரித்தார்கள். பெருந்தேவனும் சிரித்தார்.

மூன்றாம் நாள், பாதை இரண்டாகப் பிரியும் இடம். கடைசி வண்டிக்காரன் எயினன் கொஞ்சம் திக்கிப் பேசுபவன். “அ... அண்ணே, நாம போக வேண்டியது இடது...” என்று தொடங்கினான்.

“நீ முடிக்கிறதுக்குள்ள நான் மலையூர்ல உப்பை வித்துட்டுத் திரும்பிடுவேன்டா” என்றான் இளநாகன். வலப்பக்கம் திரும்பினான். சரியான வழி வலப்பக்கம்தான். அன்றும் சிரித்தார்கள், பெருந்தேவன்தான் அதிகம் சிரித்தார்.

மூன்று முறையும் இளநாகன் சொன்னதே சரியாக இருந்தது. அதனால்தான் அவன் செய்த தவறு யார் கண்ணுக்கும் படவில்லை.

அதன்பின் வந்தது அந்த ஆறு. கோடைக்காலம், மணல்தான் அதிகம். நடுவில் முழங்கால் அளவுத் தண்ணீர். ஈர மணலில் வண்டி நின்றால் சக்கரம் புதைந்துவிடும். ஆகவே எல்லா வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் போக வேண்டும். இளநாகன் தண்ணீரில் இறங்கி ஆழம் பார்த்தான். ஆற்றின் மேல்பக்கத்தை மூங்கில் புதர் அவனுக்கு மறைத்திருந்தது.

கடைசி வண்டி மேட்டில் நின்றது. அங்கிருந்து மேல்பக்கம் நன்றாகத் தெரியும். கொற்றிதான் முதலில் பார்த்தாள். தூரத்தில் தண்ணீர் செம்மண் நிறமாக மாறியிருந்தது. நுரையும் சருகும் மிதந்து வந்தன.

“மலையில மழை பெய்யுது போல. சொல்லு தம்பி” என்றாள் எயினனிடம்.

“நீ... நீயே சொல்லு அக்கா. நான் வாங்கினது போதும்.”

“எனக்கு மட்டும் வாங்கிக்கணும்னு ஆசையா?”

அவள் நாலாவது வண்டிக்கு ஓடினாள். “பூதண்ணே, நீங்க பெரியவங்க. நீங்க சொன்னாக் கேப்பான்.”

பூதன் எழுந்து நின்று பார்த்தார். பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். “அவன் ஆத்துக்குள்ளயே நிக்கிறான் தாயி. அவன் காலுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது? இந்த வயசுல என் முழங்கால் கதையை இன்னொரு தடவை கேக்க முடியாது.”

அப்போது, “போகலாமா?” என்று இளநாகனின் குரல் வந்தது.

எயினன் ஆற்றைப் பார்த்தான். பிறகு, “சரி” என்றான். அந்த ஒரு சொல் திக்காமல் வந்தது. வண்டி வண்டியாக அது முன்னே போய்ச் சேர்ந்தது.

வண்டிகள் இறங்கின. எயினன் மட்டும் மூக்கணாங்கயிற்றை இறுக்கிப் பிடித்து, தன் காளைகளை மேட்டிலேயே நிறுத்திக்கொண்டான். கொற்றியும் அவன் அருகே திரும்பி வந்து நின்றாள்.

பெருந்தேவனும் காவல்காரர் இருவரும் இருந்த முதல் வண்டி அக்கரை ஏறியது. நடுவில் ஐந்து வண்டிகள். வெள்ளம் வந்தது.

இளநாகன் கோழை அல்ல. அரிவாளோடு வெள்ளத்தில் குதித்து நுகக்கயிறுகளை அறுத்தான். வண்டிக்காரர் ஐவரையும் கரை சேர்த்தான். ஆறு காளைகள் பிழைத்தன. நான்கு போயின. ஐந்து வண்டி உப்பும், வண்டிக்கு இருபது மூட்டை வீதம், ஆற்றோடு கரைந்து போயிற்று.

வெள்ளம் வடிந்து, எல்லோரும் ஒரே கரையில் கூடியதும் அவன் கேட்டான்: “மேட்டிலிருந்து யாருக்கும் ஒண்ணும் தெரியலையா?”

“தெரிஞ்சுது” என்றாள் கொற்றி.

“அப்புறம் ஏன் சொல்லலை?”

“சொன்னா நீ சிரிப்பே. அப்புறம் எல்லாரும் சிரிப்பாங்க.”

இளநாகன் பூதனையும் எயினனையும் மாறி மாறிப் பார்த்தான். பெருந்தேவன் தலையைக் குனிந்துகொண்டார்.

மலையூரில் பெருந்தேவன் கோலை இரண்டாவது வண்டிக்காரன் வேட்டனிடம் கொடுத்தார். வேட்டனுக்கு வழி அவ்வளவாகத் தெரியாது. எதைச் சொன்னாலும், “என்னது, இன்னொரு தடவை சொல்லு” என்று கேட்பவன்.

“உன்னைப்போல வழி தெரிஞ்சவன் இல்லைப்பா” என்றார் பெருந்தேவன் இளநாகனிடம். “ஆனா உன் பின்னால வர்றவங்களுக்கு வாய் இல்லாமப் போச்சு. முதல் நாளே உன்னை அதட்டியிருக்கணும். நானும் கூடச் சிரிச்சேன்.”

இளநாகன் அதன்பின் ஒருவரையும் கேலி செய்யவில்லை. திரும்பும் வழியில் ஒவ்வொருவரிடமும் போய், “ஏதாவது குறை இருக்கா?” என்று தணிந்த குரலில் கேட்டான். அவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் ‘சரி’ என்றார்கள். அவன் எத்தனை தடவை கேட்டாலும் ‘சரி’ என்றே சொன்னார்கள்.

எவ்வளவு திறமை இருந்தாலும், தன்னிடம் சொல்ல வருகிறவரைக் கேலி செய்து வாயடைப்பவன் தொழிலில் உயரமாட்டான்.

மீந்த இரண்டு வண்டிகளில் நாற்பது மூட்டைகள் இருந்தன. கரையேறும்போது முதல் வண்டியின் பின்பக்கம் நனைந்ததில் மூன்று கரைந்துவிட்டன. மலையூர் போய்ச் சேர்ந்தவை முப்பத்தேழு.