வளையத்துக்கு இரண்டு கை

"எதையும் வாங்குமுன்... என்று என் பெரியப்பா ஒன்று சொல்வார், ஐயா. மீதி மறந்துவிட்டது."

"மறந்தது வரும்போது வரட்டும். என்ன வாங்கப் போகிறீர்கள்?" என்றார் நாச்சியப்பர்.

ஓசூரில் அவர் நடத்தும் தியானக்கூடம் அது. பேச்சைத் தொடங்கிய இளம்பரிதி, ஆசான் நாச்சியப்பரைவிட ஆறு வயது மூத்த சீடர். பல்சக்கரம் வெட்டும் பட்டறையில் மேற்பார்வையாளர். மானாமதுரையில் இருக்கும் குடும்பத்தை மாதம் இருமுறை போய்ப் பார்த்து வருவார்.

கைப்பேசியை நீட்டினார். திரையில் ஒரு விளையாட்டுப் பொருள்: உள்விளிம்பில் பல் வைத்த வளையம். அதற்குள் உருளும் சிறு சக்கரம். சக்கரத்தின் துளையில் பேனாவை விட்டுச் சுற்றினால் காகிதத்தில் பூ விழும்.

"மகளுக்கு. எட்டு வயது. போன தடவை நான் செருப்பைக் கழற்றவில்லை, அதற்குள் அவள் அம்மாவிடம் கேட்கிறாள்: 'அப்பா எப்பம்மா கிளம்புவாங்க?'"

ஆசான் படத்தை உற்றுப் பார்த்தார்.

"இது வாங்கத் தகுந்ததா, ஐயா? ரெண்டு நாளில் தூக்கி மூலையில் போட்டுவிடுவாளோ?"

ஆசான் அலமாரியிலிருந்து ஒரு பழைய பெட்டியை எடுத்தார். கூடத்துக்கு வரும் பிள்ளைகள் விளையாடுவது. அதே வளையம், அதே சக்கரம்.

"வரையுங்கள்."

இளம்பரிதி தரையில் காகிதத்தை விரித்தார். இடக்கையால் வளையத்தை அழுத்திக்கொண்டு வலக்கையால் சுற்றினார். முக்கால் சுற்றில் கைகள் குறுக்கிட்டன. இடக்கையை மாற்றி வைத்தார். வளையம் நகர்ந்தது. பூவின் நடுவே ஒரு கோடு கிழித்துக்கொண்டு ஓடியது.

இன்னொரு தாள். அதே கோடு.

"பல்சக்கரம் வெட்டுகிறவருக்கே இந்தக் கதியா?" ஆசான் சிரித்தார்.

"அங்கே எல்லாவற்றையும் போல்ட் போட்டு முடுக்கியிருப்போம், ஐயா."

ஆசான் எதிரே வந்து சம்மணமிட்டு அமர்ந்தார். இரு கைகளாலும் வளையத்தைப் பிடித்தார். இளம்பரிதி சுற்ற, சக்கரம் தன் வலப்பக்கம் வந்தபோது ஆசான் வலக்கையை எடுத்தார். கடந்ததும் வைத்தார். பிறகு இடக்கையை. சுற்றச் சுற்ற இதழ்கள் கூடின. கடைசிக் கோடு முதல் கோட்டில் போய்ச் சேர்ந்தது.

இளம்பரிதி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது, ஐயா. வளையத்தின் அடியில் பசை. ஒட்டி வைத்தால் அசையாது. அவளே தனியாகப் போட்டுக்கொள்வாள்."

"நல்லது," என்றார் ஆசான். "யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது."

அவருடைய கைகள் இன்னும் வளையத்தின் மேலேயே இருந்தன.

இளம்பரிதி அந்தக் கைகளைப் பார்த்தார்.

மாலையில் கடைக்குப் போய், பசை இல்லாத பெட்டியை வாங்கினார்.