மூன்றுக்குக் கீழே மட்டும்

"டீச்சர், பத்திரமா இருக்கட்டும்னுதான் எழுதினேன். அதுக்கே திட்டு விழுது."

சொன்ன அருள்தாஸுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்த மெஹருக்கு இப்போதுதான் முப்பது.

இலக்கத்தைத் தமிழ்ச் சொல்லாக மாற்றும் சின்ன நிரல் அவருடையது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வேறு யாரோ எழுதிய 'பிரிப்பான்' என்ற நிரல் இல்லாமல் அது ஓடாது.

"யார் திட்டுறது, அண்ணாச்சி?"

"பிரிஸ்கில்லான்னு ஒரு கணக்கு மிஸ். கண் தெரியாது. கம்ப்யூட்டர் வாசிக்கக் கேட்டுத்தான் வகுப்பு எடுக்காங்க. இலக்கம் வந்தா அந்தக் குரல் திக்கும். என் நிரல்தான் எடுத்துக்கொடுக்குது."

"நல்லதுதானே?"

"அந்தக் குரல் நிரலுக்கும் பிரிப்பான் வேணும், அதோட மூணாம் வெர்ஷன்தான் வேணுமாம். என் நிரல்ல நான் பிரிப்பான் 'மூணுக்குக் கீழே மட்டும்'னு எழுதி வச்சிருக்கேன். ரெண்டும் ஒரே மெஷின்ல ஏற மாட்டேங்குது. குரலை விடவா, கணக்கை விடவான்னு மெயில்ல கேக்காங்க."

"மூணு என்ன செஞ்சுது உங்களை?"

"நான் எழுதும்போது மூணு வரவே இல்லையே."

"வராத ஆளுக்கா கதவைப் பூட்டினீங்க?"

"வந்து எதையாவது உடைச்சிட்டா?"

மெஹர் டீச்சர் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

அருள்தாஸ் மூன்றாம் வெர்ஷனை ஏற்றினார். சோதனைகளை ஓட்டினார். ஒன்றுகூடத் தவறவில்லை.

அவர் முகம் கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது.

பழைய வரியை அழித்தார். 'நான்குக்குக் கீழே மட்டும்' என்று அடித்தார்.

டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாலு வந்திருச்சா, அண்ணாச்சி?"

"இல்ல."

"எப்ப வருமாம்?"

"யாருக்குத் தெரியும்? விளையாடாதீங்க டீச்சர். நாலு வந்து நிஜமாவே உடைஞ்சா? பிள்ளைங்க முன்னாடி குரல் நின்னுபோனா, அந்தம்மா என்ன செய்வாங்க?"

"போன் பண்ணுவாங்க."

"யாருக்கு?"

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அருள்தாஸ் அந்த வரியையே அழித்தார்.

பிறகு, நிரலின் தலைப்பில் தன் பெயருக்குக் கீழே, இத்தனை வருஷம் காலியாகவே விட்டிருந்த வரியில், கைபேசி எண்ணை அடிக்கத் தொடங்கினார்.