முதலாளி எழுதாத கட்டுரை

கோயம்புத்தூரில் கிரைண்டர் விற்கும் சென்னியப்பனுக்குச் சொந்தமாக நாலு வரி எழுத வராது. ஆனால் இணையத்தில் யார் கிரைண்டர் தேடினாலும் அவர் கடைதான் முதலில் வர வேண்டுமாம்!

வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் நித்திலாவைக் கூப்பிட்டு உறுமினார்.

"கிரைண்டரைப் பத்தி எவன் எங்கே எழுதினாலும், அது தானா காப்பியாகி நம்ம வெப்சைட்ல வந்து விழோணும். கீழ என் பேரு இருக்கோணும். இல்லீன்னா உனக்கு இங்க வேலையில்ல."

"படிச்சுப் பாத்துப் போடட்டுங்களா?"

"உன்னை எவன் படிக்கச் சொன்னான்? அப்படியே போடு, அம்மிணி!"

போட்டாள்.

வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் அவளிடம் பெரிய திரையில் வெப்சைட்டைத் திறக்கச் சொன்னார். "அத்தனையும் நானே எழுதினதுங்க" என்று மீசையை நீவினார்.

திரையில் புதுக் கட்டுரை மின்னியது: 'சென்னியப்பன் கிரைண்டரை வாங்கி ஏமாறாதீர்கள்!' அதன் கீழே, 'எழுதியவர்: சென்னியப்பன்.'

மண்டபமே குலுங்கிச் சிரித்தது.

"என்ன அம்மிணி இது?" என்று பல்லைக் கடித்தார்.

"எதிர்க்கடைக்காரர் காலையில எழுதினதுங்க. நீங்க சொன்னபடி நான் படிக்கவேயில்லீங்க. ஆனா உங்க பேரைத் தேடினா, இப்ப இதுதானுங்க முதல்ல வருது."