எண்ணூறு வருஷத்து டார்ட்டன்

ஸ்காட்லாந்து மலைநாட்டில், குடிகளை வெளியேற்றிவிட்டுத் தன் பள்ளத்தாக்கை ஆட்டு மந்தைகளுக்கு விட்டுவிடத் தீர்மானித்த மெக்டோரன் பிரபு, விருந்தாளிகள் முன்னிலையில் குடிகளைக் கூட்டினார். இடுப்பில் சுற்றியிருந்த கட்டம்போட்ட உடையைத் தட்டிக் காட்டினார்.

"எங்கள் குலத்துக்கே உரிய கட்டம், டார்ட்டன். எண்ணூறு வருஷத்துத் துணி! பச்சை எங்கள் காடு, சிவப்பு முன்னோர் சிந்திய ரத்தம். நாளைக்குள் இதே துணியைக் காட்டுகிறவர்கள்தான் என் குலம். மற்றவர்கள் ஊரைவிட்டுக் கப்பலேறுங்கள்!"

கந்தலைத் தவிர வேறில்லாத ஜனங்கள் அழுதார்கள். நெசவுக்காரி இஷ்பல் மட்டும் நேராக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பள்ளத்தாக்கின் இருபத்தேழு குடும்பங்களும் வீட்டுக்கொரு துணித்துண்டோடு வந்து நின்றன. அதே பச்சை, அதே சிவப்பு.

"மோசடி!" என்று கத்தினார் பிரபு. "இது போன வருஷம் நெய்த துணி!"

"ஆமாம் பிரபு, நான்தான் நெய்தேன்," என்றாள் இஷ்பல். "பழசு மாதிரி ஏதாவது நெய்து கொடு என்று உங்கள் காரியஸ்தர்தான் கேட்டார். உங்களுக்கு வெட்டியதுபோக மிச்சம் இது. நீலச் சாயம் தீர்ந்துபோனதால் சிவப்பு போட்டேன்."

விருந்தாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் பிரபுவோடு சாப்பிடப் போய்விட்டார்கள்.

சாயங்காலமே பிரபுவின் காவலாட்கள் குடிகளின் கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். தறிக்கு இடமில்லை என்று அதைக் கரையிலேயே போட்டுவிட்டு, இஷ்பலையும் மற்றவர்களோடு கப்பலில் ஏற்றினார்கள்.