கார் போட்ட சத்தம்

போன ஆடி வெள்ளிக்கிழமை, அம்மன் கோயில் கூழ் வரிசையில் நிற்கும்போது, துணி தேய்க்கும் செண்பகவல்லி அக்கா எனக்கு இதைச் சொன்னாள். அவள் தேய்க்கிற குடியிருப்பில் பதினாலு கார்களையும் துடைப்பவள் கன்னியம்மா. அந்த வேலையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது.

ஒருநாள் காலையில் அந்தக் குடியிருப்புச் சங்கத் தலைவர் ஜம்புலிங்கம் அவளைக் கூப்பிட்டுக் கத்தினார். "என் கார்ல, டிரைவர் பக்கத்துக் கதவுல, கைப்பிடிக்குப் பின்னால பாரு. பூனை பிறாண்டின மாதிரி கீறல்! பத்து மணிக்குள்ள கீறினவனைப் பிடிச்சுக் கொண்டா. இல்லேன்னா நீதான் கீறினேன்னு அர்த்தம். நாளையிலேருந்து இந்தப் பக்கமே வராதே!"

"பத்து மணி எதுக்கு சார்? இப்பவே பிடிக்கலாம். கீறின கை பட்டா காரே சத்தம் போடும்."

"ஓஹோ! அதையும் பார்த்துடறேன்."

கன்னியம்மா கதவைத் திறந்து மூடினாள். சத்தமே இல்லை. வாட்ச்மேன் திறந்தார், பக்கத்தில் நின்ற செண்பகவல்லி அக்காவும் திறந்தாள். கார் கம்மென்று இருந்தது.

"என்னம்மா, கார் ஊமையாயிடுச்சா?"

"இன்னும் ஒருத்தர் கை வைக்கலையே சார்."

தலைவர் வெடுக்கென்று கைப்பிடியை இழுத்தார். கிரீச்! அவர் விரல்களில் இருந்த மூன்று கல் மோதிரங்களும் பெயின்டில் உரசின சத்தம். சட்டென்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். வாட்ச்மேன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கன்னியம்மா மெல்லிய துணியில் துளி பாலிஷ் எடுத்து, கீறல் மேல் பதமாகத் தேய்த்தாள்.

"மேலோட்டமாத்தான் இருக்கு சார், மறைஞ்சிடும். ஆளையும் பிடிச்சுக் கொடுத்துட்டேன். நாளைக்கு வரலாமா?"

"வாம்மா," என்றார் தலைவர், தரையைப் பார்த்து.

அம்மன் அவள் பக்கத்தில் நின்றாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். நாளைக்கு உங்கள் வண்டியைத் துடைக்க வருகிறவருக்கு ஒரு டம்ளர் டீ கொடுங்கள்.