எடை போட்ட விரிப்பு

கரூரில், துணிக் கிடங்குகள் நிறைந்த ஒரு தெருவின் மாடியில், தமயந்தி என்னும் தையலாசிரியை ஐந்து இயந்திரங்களை வைத்து வகுப்பு நடத்திவந்தாள். அவளுக்கு வயது முப்பத்தொன்று. மாணவிகளுள் மூத்தவளான பாவாயிக்கோ ஐம்பத்து நான்கு. ஆசிரியை மாணவியை அக்கா என்பாள். மாணவி ஆசிரியையை டீச்சர் என்பாள். இதில் இருவருக்கும் யாதொரு சங்கடமும் இருந்ததில்லை.

பாவாயி, கிடங்குகளில் கழிக்கப்படும் வெட்டுத்துணிகளை வாங்கி, வண்ணத்துக்கு வண்ணம் இணைத்து, கைக்குழந்தைகளுக்கான விரிப்புகளைத் தைப்பாள். ஒரு விரிப்புக்கு முழுதாக ஒரு நாள் பிடிக்கும். அவற்றைக் கோவையில் குழந்தைத் துணிக்கடை நடத்தும் கோகிலம் அம்மாள் மாதம் தவறாமல் பத்துப் பத்தாக எடுத்துக்கொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் பாவாயி சொன்னாள்:

"திங்கக்கிழமையிலிருந்து பழையபடி துணிக் கம்பெனி வேலைக்கு வேன்ல ஏறிக்கலாம்னு இருக்கறனுங்க டீச்சர்."

"நின்னுக்கிட்டே பிசிறு வெட்டுற வேலைக்கா? முட்டி தாங்குமா அக்கா?"

"தாங்காதுதானுங்க. ஆனா தைச்சது பூராவும் வித்துப்போயும் கையில ஒண்ணும் நிக்கறதில்லீங்களே. அது ஏனுங்க டீச்சர்?"

தமயந்தி அவளருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"விலை எப்படி வைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

பாவாயி தன் பையிலிருந்து கொக்கி மாட்டிய சிறு தராசு ஒன்றைப் பெருமிதத்தோடு எடுத்தாள்.

"துணியைக் கிலோ கணக்குலதானே வாங்கறேன். தைச்சு முடிச்சதும் அப்படியே தூக்கி எடை போட்டிருவேன். வாங்கின விலைக்கு மேல பாதி. ஒருத்தரையும் ஏமாத்தறதில்லீங்க. ஒரு விரிப்பு இருநூத்து முப்பது வரும்."

"நல்லது. இன்னிக்குக் கொண்டுவந்ததை எடை போடுங்க."

மஞ்சளும் நீலமுமாக மிளிர்ந்த விரிப்பு கொக்கியில் தொங்கியது. முள் ஒன்றேகால் கிலோவில் நின்றது.

தமயந்தி அதனை வாங்கி மேசைமேல் விரித்தாள். பிளேடு ஒன்றை எடுத்தாள். ஓரத் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"ஐயோ டீச்சர்! என்ன பண்றீங்க? நேத்து ஒரு நாள் பூராவும் உட்கார்ந்து தைச்சதுங்க!"

"தெரியும்."

"மத்தியானம் கோகிலம் அம்மா வந்திருவாங்க. காட்டறதுக்கு அது ஒண்ணுதானுங்க இருக்குது!"

"அதுவும் தெரியும் அக்கா. அந்தக் கத்தரியை இப்படிக் கொடுங்க."

உணவு வேளை கடந்தும் பிரிப்பு ஓயவில்லை. இறுதியில் துண்டுகளும், உள்ளே வைத்த பஞ்சும், நூற்பிசிறுகளும் ஒரு குவியலாகக் கிடந்தன. தமயந்தி அனைத்தையும் ஒரு மெல்லிய பாலித்தீன் தாளில் முடிந்து தராசில் மாட்டினாள்.

"முள் எங்கே நிக்குது?"

"ஒண்ணேகாலுங்க," என்றாள் பாவாயி.

அச்சமயம் கோகிலம் அம்மாள் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"என்ன பாவாயி, அடுத்த மாசத்துக்குப் பத்து வேணும். புது மாதிரி வெச்சிருக்கேன்னியே, எங்கே?"

தமயந்தி மூட்டையை அவர்முன் அவிழ்த்து வைத்தாள்.

"இதுதாங்கம்மா. எடை சரியா இருக்குது. இருநூத்து முப்பது கொடுத்துட்டு எடுத்துக்குங்க."

"விளையாடறீங்களா? இந்தக் கந்தலை வெச்சு நான் என்ன பண்றது? யாரு தைப்பாங்க?"

தமயந்தி பாவாயியை நோக்கினாள்.

பாவாயி குவியலைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள், நெடுநேரம் தன் விரல்களைப் பார்த்திருந்தாள். பின்னர் நிமிர்ந்தாள்.

"நான் தைச்சுத் தர்றனுங்கம்மா. ஆனா இனிமே ஒண்ணு எழுநூறு ரூபாய்."

"எழுநூறா! ஏன், தங்க ஜரிகை வெச்சுத் தைக்கப்போறியா?"

"ஜரிகை எல்லாம் இல்லீங்க. என்னோட ஒரு நாளை வெச்சுத் தைக்கறேன். கம்பெனிக்காரனே அதுக்கு நானூத்தைம்பது கொடுக்கறானுங்க."

"ஓஹோ, டீச்சர் நல்லாத்தான் பாடம் எடுக்கறாங்க! ஊர்ல வேற ஆளே இல்லையாக்கும்?"

கோகிலம் அம்மாள் கைப்பையை இடுக்கிக்கொண்டு வாசல்வரை சென்றார். பாவாயியின் உதடுகள் அசைந்தன. பழைய விலை அவள் நாவின் நுனியில் நின்றது. அவள் அதனை விழுங்கிக்கொண்டாள்.

வாசலில் கோகிலம் அம்மாள் நின்றார். திரும்பாமலே பேசினார்:

"போன மாசம் வாங்கிட்டுப் போன ரெண்டு பேர், அதே கை வேலைதான் வேணும்னு கேட்டிருக்காங்க. தொலையட்டும். நாலு போதும். அதுக்கு மேல ஒண்ணுகூட வேண்டாம்."

ஐந்நூறு ரூபாயை முன்பணமாக மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

காலடி ஓசை அடங்கியது. பாவாயி மெல்லக் கேட்டாள்:

"பத்து எடுக்கறவங்க நாலுதான் எடுக்கறாங்க. ஆறு கைவிட்டுப் போச்சுங்களே, டீச்சர்?"

தமயந்தி துணிக் குவியலை அவள் மடியில் இட்டாள்.

"நாலுக்கு வர்ற பணம் பழைய பத்துக்கு வந்ததைவிட அதிகம். அந்த ஆறு நாள் இனிமே யாருதுங்க, அக்கா?"